குறைந்த விலை ரெட்ரோ ஹேண்ட்ஹெல்ட்: எதை வாங்குவது, எப்படித் தயார் செய்வது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய வீடியோ கேம்களை ஆட கைக்கு அடக்கமாக, குறைந்த விலையில் ஒரு கருவி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கான பக்கம் இது. ஆர்36எஸ், மியூ மினி பிளஸ், ஆன்பர்னிக்கின் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் வரிசை, இந்த மூன்றைச் சுற்றித்தான் பேச்சு இருக்கும். இந்த விலையில் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். செட்டப் செய்யும் பகுதியை மட்டும் ஆர்36எஸ்ஸை வைத்து விரிவாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் விலையும் அதில்தான் குறைவு, தலைவலியும் அதில்தான் அதிகம்.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. சக்தி என்று பார்த்தால் இன்றைய நடுத்தர ஆண்ட்ராய்டு போன் இந்த மூன்று கருவிகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பழைய கன்சோல்களைப் போல நடிக்கும் எமுலேட்டர்களை ஒரே இடத்தில் தரும் ரெட்ரோஆர்ச் செயலி இலவசம், போனில் போட்டு இன்றைக்கே ஆடிப் பார்க்கலாம். ஆனால் கண்ணாடித் திரையைத் தொட்டு மரியோவைக் குதிக்க வைப்பது எரிச்சலான வேலை, கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, பாதித் திரையைக் கையே மறைக்கும், நடுவில் ஒரு அழைப்பு வந்தால் முடிந்தது கதை. எனவே முதலில் போனில் ஒரு வாரம் ஆடுங்கள். "கேம் பிடித்திருக்கிறது, பட்டன்தான் வேண்டும்" என்று தோன்றினால் வாங்குங்கள். கேமே போரடித்தால் காசு மிச்சம்.

எதுவரை ஓடும்?

முதல் பிளேஸ்டேஷன் வரை என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். 1983-இல் வந்த ஃபேமிகாம் (ஜப்பானுக்கு வெளியே என்இஎஸ்), 1988-இன் மெகா டிரைவ், 1989-இன் கேம் பாய், 1990-இன் சூப்பர் ஃபேமிகாம் (சூப்பர் நின்டெண்டோ), 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் (பிஎஸ்1), 2001-இன் கேம் பாய் அட்வான்ஸ், இவை எல்லாம் மூன்றிலும் நன்றாக ஓடும். வருடத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கேம் பாய் அட்வான்ஸ் பிற்பாடு வந்திருந்தாலும் பேட்டரியில் ஓடும் சின்ன கருவி, அதை எமுலேட் செய்வது எளிது.

அதற்கு மேலே போனால் ஒவ்வொரு கேமும் ஒரு பரிசோதனை. நின்டெண்டோ 64-இல் மரியோ ஆடலாம், கோல்டன்ஐ திக்கும். டிரீம்காஸ்டும் பிஎஸ்பியும் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் போன்ற எச்700 சிப் கருவிகளில் ஓரளவு ஓடும், ஆர்36எஸ்ஸில் இன்னும் குறைவாக, மியூவில் இந்த மூன்றின் பேச்சே இல்லை. யூடியூப் வீடியோவில் பிஎஸ்பி கேம் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால், அது எந்தக் கேம், அதுவும் மெனுவா சண்டைக் காட்சியா என்று கவனியுங்கள்.

ஜிடிஏ ஓடுமா?

வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் இரண்டும் பிஎஸ்2 கேம்கள். ஓடாது. 1997-இல் வந்த, மேலிருந்து பார்க்கும் முதல் ஜிடிஏ பிஎஸ்1-இல் உண்டு, அது ஓடும். நீங்கள் கேட்டது அது இல்லை என்று தெரியும். பிஎஸ்2 வேண்டுமென்றால் ரெட்ராய்ட் பாக்கெட் 5 மாதிரி 200 டாலர் அருகே உள்ள ஆண்ட்ராய்டு கருவிகளுக்குப் போக வேண்டும், அது வேறு பட்ஜெட்.

சரி, மூன்றில் எது?

ஆர்36எஸ்: வெளிநாட்டு விலை 35 டாலர் அருகே, இங்கே மறுவிற்பனையாளர்களிடம் 3,000 ரூபாயை ஒட்டி. ராக்சிப் ஆர்கே3326 சிப், 1 ஜிபி ரேம், 3.5 அங்குலத் திரை, இரண்டு அனலாக் குச்சிகள் (கட்டை விரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் ஜாய்ஸ்டிக்), இரண்டு மெமரி கார்டு துளைகள். வைஃபை கிடையாது, எச்டிஎம்ஐ கிடையாது. இந்த விலைக்கு இவ்வளவு தருகிற வேறு கருவி எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் அதை நல்ல நிலைக்குக் கொண்டுவரும் வேலை உங்கள் தலையில்.

மியூ மினி பிளஸ்: 60 டாலர் அருகே. சிப் மூன்றிலும் சின்னது, ரேம் வெறும் 128 எம்பி. அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், பிஎஸ்1 வரை அது போதும், அதற்கென்று எழுதப்பட்ட ஆனியன்ஓஎஸ் இந்த விலைக் கருவிகளில் கிடைக்கும் மென்பொருள்களிலேயே மிகவும் பக்குவமானது. ஆன் செய்தால் விட்ட இடத்தில் கேம் நிற்கும், அணைத்தால் தானே சேமித்துக்கொள்ளும். சட்டைப் பைக்குள் போகும். அனலாக் குச்சி இல்லை. கை பெரிதாக இருப்பவர்களுக்கு அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ்: இந்தப் பெயரில் ஒரு கூட்டமே இருக்கிறது. 2022 கடைசியில் வந்த முதல் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ்ஸில் பழைய சிப். அப்புறம் வந்த பிளஸ், எச், எஸ்பி, 2024 பதிப்பு எல்லாவற்றிலும் ஆல்வின்னர் எச்700. இதில் எச் மட்டும் படுக்கை வாட்டம், இரண்டு குச்சிகள் உண்டு. எஸ்பி என்பது மடக்கு மாடல், 2003-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியின் அச்சு அசல் சாயல். விற்பவர் "ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் சிப் எச்700-தானா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

என் தீர்ப்பு: கணினியில் கார்டைச் சொருகிக் கோப்புகளை நகர்த்துவதில் உங்களுக்கு அலுப்பில்லை என்றால் ஆர்36எஸ், மிச்சக் காசில் நல்ல கார்டு. அந்த வேலையெல்லாம் வேண்டாம், எடுத்தோமா ஆடினோமா என்று இருக்க வேண்டும் என்றால் மியூ. இரண்டுக்கும் நடுவில், டிவியிலும் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்.

சிப் பெரிதா, திரை பெரிதா?

இந்த விலையில் திரை. சிப்பில் இருக்கும் வேறுபாடு பிஎஸ்1 வரை கண்ணுக்கே தெரியாது, திரையில் உள்ளது ஒவ்வொரு நொடியும் தெரியும்.

கணக்கு இதுதான். மூன்று கருவிகளிலும் திரை 640க்கு 480 புள்ளிகள். பிஎஸ்1 கேம்கள் பல 320க்கு 240-இல் வரையப்பட்டவை, சரியாக இரண்டு மடங்கு, திரை முழுக்க அடைத்துக்கொண்டு கச்சிதமாக உட்காரும். கேம் பாய் 160க்கு 144. மூன்று மடங்கு ஆக்கினால் 480க்கு 432, சுற்றிலும் கொஞ்சம் கருப்பு விளிம்பு விழும், ஆனால் படம் கூர்மை. சிக்கல் கேம் பாய் அட்வான்ஸில்தான். அது 240க்கு 160. இரண்டு மடங்கு என்றால் 480க்கு 320, படம் சின்னதாகிவிடும். அகலம் முழுக்க இழுத்தால் 2.67 மடங்கு, அப்போது ஒரு புள்ளி இரண்டு கட்டத்தையும் பக்கத்துப் புள்ளி மூன்று கட்டத்தையும் பிடிக்கும். நின்றிருக்கும் படத்தில் இது தெரியாது. பக்கவாட்டில் திரை நகரும்போது எழுத்துகளும் கோடுகளும் பளபளவென்று நெளிவதைப் பார்க்கலாம்.

நீங்கள் ஆடப்போவதில் முக்கால்வாசி போக்கிமான் எமரால்டு மாதிரி அட்வான்ஸ் கேம்கள் என்றால், ஆன்பர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ்ஸைப் பாருங்கள், அதன் திரை 720க்கு 480, சரியாக மூன்று மடங்கு. டிரிமுயி பிரிக்கின் திரை வெறும் 3.2 அங்குலம், ஆனால் 1024க்கு 768 புள்ளிகள், அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அரைகுறை மடங்கானாலும் கண்ணுக்கு உறுத்தாது.

"15,000 கேம்கள் உள்ளே" என்று போட்டிருக்கிறதே?

அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். ஒரே கேமின் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா பதிப்புகளை மூன்றாக எண்ணியிருப்பார்கள், சூதாட்ட மெஷின், சீன மொழி வினாடி வினா எல்லாம் சேர்ந்திருக்கும், பாதி கேம் திறக்காது. முன்பு டிவி கேமோடு வந்த "9999 இன் 1" கேசட்டை நினைத்துப் பாருங்கள், கான்ட்ராவும் மரியோவும் ரோடு ஃபைட்டரும் வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும். வியாபாரம் மாறவில்லை. இருபது கேம் தேர்ந்து வைத்தால் ஆடுவீர்கள், பதினைந்தாயிரம் வைத்தால் பட்டியலை உருட்டிக்கொண்டே தூங்கிவிடுவீர்கள்.

எங்கே வாங்குவது?

இந்தியாவில் அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் தடை செய்யப்பட்ட செயலிகளில் ஒன்று, எனவே அந்த வழி இல்லை. மிச்சம் இரண்டு வழி. அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் மறுவிற்பனையாளர்கள். விலை கூடும், ஆனால் திருப்பி அனுப்பலாம். அல்லது ஆன்பர்னிக் போன்ற நிறுவனங்களின் சொந்தத் தளம். விலை குறைவாகத் தெரியும், சுங்க வரி வீட்டு வாசலில் வந்து சேரும், கூரியர்காரர் கேட்கும் தொகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் உள்ளூர் விலைக்கே வந்து நிற்கும். இலங்கையிலோ மலேசியா, சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு அலிஎக்ஸ்பிரஸ் உண்டு, அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எதில் வாங்கினாலும் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் எல்லாப் பட்டன்களையும், இரண்டு குச்சிகளையும், ஸ்பீக்கரையும், இயர்போன் துளையையும் சோதித்துவிடுங்கள்.

ஆர்36எஸ்ஸில் போலி இருக்கிறதாமே?

இருக்கிறது, நிறைய. ஆர்36எஸ்ஸே யார் வேண்டுமானாலும் தயாரிக்கும் பெயரில்லாப் பொருள்தான், ஆர்கே3326 கருவிகளைப் பார்த்துச் செய்தது, அதற்கும் போலி வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. வெளிக்கூடு அப்படியே இருக்கும், உள்ளே போர்டு வேறு. ஆர்36எஸ்ஸில் பலரும் போடும் இலவச ஓஎஸ்ஸான ஆர்க்ஓஎஸ் அதில் ஏறாது.

எளிய சோதனை ஒன்று: இரண்டு கார்டுகளையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அசலில் திரை கருப்பாகவே இருக்கும், ஏனென்றால் ஓஎஸ் முழுக்கக் கார்டில்தான் இருக்கிறது. ஏதாவது லோகோவோ மெனுவோ வந்தால் உள்ளே தனி நினைவகம் இருக்கிறது, அது வேறு போர்டு. கார்டு போட்டு ஆன் செய்யும்போது ஆர்க்ஓஎஸ்ஸுக்குப் பதில் எமுஎலெக் என்ற வேறு ஓஎஸ் வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். போலி என்றால் ஆடவே முடியாது என்று பொருளில்லை. வந்த ஓஎஸ்ஸோடே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் தயாரில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை?

கூட வந்த கார்டை அப்படியே நகலெடுப்பது. ஆடிப் பார்க்கும் ஆசையை அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கருவியை அணைத்து, ஓஎஸ் என்று எழுதியிருக்கும் துளையில் உள்ள கார்டைக் கழற்றி, கணினியில் சொருகி, வின்32 டிஸ்க் இமேஜரில் "ரீட்" கொடுத்து முழுக் கார்டையும் ஒரு கோப்பாக எடுத்து வைக்க வேண்டும். பெயரில்லாக் கார்டுகள் எப்போது சாகும் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு இடத்தில் கவனம் தேவை. கார்டைச் சொருகியதும் விண்டோஸ் மூன்று நான்கு டிரைவ்களைக் காட்டி, "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று கேட்கும். அது லினக்ஸ் பகுதி, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் கேன்சல். அவசரத்தில் ஓகே அழுத்தினால் ஓஎஸ் போச்சு.

நகலோடு கூடவே, பூட் என்று பெயர் வரும் பகுதியைத் திறந்து, டிடிபி (.dtb) என்று முடியும் கோப்புகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். எதற்கு என்று கீழே வருகிறது.

எந்தக் கார்டு வாங்க வேண்டும்?

சான்டிஸ்க் அல்லது சாம்சங், நம்பகமான கடையில். ஓஎஸ்ஸுக்கு 32 ஜிபி, கேம்களுக்கு 64 அல்லது 128 ஜிபி. அதற்கு மேல் தேவைப்படாது: முதல் சூப்பர் மரியோ 40 கேபிதான், இந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றே அதைவிடப் பெரிதாக இருக்கும். கேம் பாய் அட்வான்ஸ் கேம் அதிகபட்சம் 32 எம்பி. இடம் பிடிப்பது பிஎஸ்1 மட்டும், ஒரு சிடி 700 எம்பி அருகே வரை போகும்.

புதுக் கார்டாக இருந்தாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன நிரலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 128 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 16 ஜிபி இருக்கும் கார்டுகள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், கார்டை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். "கருவி பழுதாகிவிட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை கார்டு பழுது.

ஆர்க்ஓஎஸ் போடுவது எப்படி?

ஆர்36எஸ்ஸுக்கான பதிப்பை இறக்கி, 7-ஜிப்பில் பிரித்தால் ஒரு இமேஜ் கோப்பு வரும். ரூஃபஸ் அல்லது பலேனாஎட்சரில் அதைப் புதுக் கார்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் விண்டோஸ் மறுபடி ஃபார்மேட் கேட்கும், மறுபடி கேன்சல். கார்டைக் கருவியின் ஓஎஸ் துளையில் போட்டு ஆன் செய்தால் முதல் முறை சில நிமிடம் எடுக்கும், தானாக ஒருமுறை மறுதொடக்கம் ஆகும், நடுவில் அணைத்துவிடாதீர்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது செய்வது நல்லது.

அது முடிந்த பிறகு கார்டைக் கணினியில் போட்டால் ஈஸிரோம்ஸ் என்ற பகுதி தெரியும். உள்ளே ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு ஃபோல்டர் தயாராக இருக்கும், கேமை அதற்குரியதில் போட வேண்டியதுதான். இரண்டாவது கார்டில் கேம்களை வைப்பதானால் ஆப்ஷன்ஸ் மெனுவின் அட்வான்ஸ்ட் பகுதியில் எஸ்டி2-க்கு மாற்றும் வசதி இருக்கிறது. அதை ஒருமுறை ஓட்டினால் அந்தக் கார்டிலும் ஃபோல்டர்களைத் தானே உருவாக்கிக்கொடுக்கும்.

எல்லாம் செய்தேன், சத்தம் வருகிறது, திரை கருப்பு

அங்கேதான் அந்த டிடிபி கோப்புகள். ஆர்36எஸ்ஸை ஒரே மாதிரி திரை வைத்துத் தயாரிக்கவில்லை, எந்த வாரம் எந்தத் திரை மலிவாகக் கிடைத்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள். திரை எந்த வகை என்று ஓஎஸ்ஸுக்குச் சொல்வது அந்தக் கோப்புதான். தவறான கோப்பு இருந்தால் படம் வராது, அல்லது நிறம் வெளுத்து, கோடு கோடாக வரும். முதலில் எடுத்து வைத்த கோப்புகளைப் புதுக் கார்டின் பூட் பகுதியில் பழையதன் மேல் ஒட்டுங்கள். அசல் கருவியில் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். எடுத்து வைக்கவில்லை என்றால் வெவ்வேறு வகைத் திரைகளுக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மற்ற கருவிகளுக்கு என்ன ஓஎஸ்?

மியூவுக்கு ஆனியன்ஓஎஸ். எச்700 கருவிகளுக்கு மியூஓஎஸ் அல்லது நல்லி. பெயர் குழப்பும்: மியூ என்பது கருவி, மியூஓஎஸ் வேறு கருவிக்கான மென்பொருள். 2022-இன் பழைய ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ்ஸுக்கு கார்லிக்ஓஎஸ். வெங்காயம், பூண்டு எல்லாம் வந்துவிட்டது, இஞ்சிதான் பாக்கி.

ரோம் (கேம் கோப்பு) எங்கே கிடைக்கும்? சட்டப்படி சரியா?

எமுலேட்டர் என்ற மென்பொருள் சட்டத்துக்கு உட்பட்டதுதான். பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. கேம்களின் கதை வேறு, அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு, இணையத்தில் கிடைக்கிறது என்பதால் அது இலவசமாகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, முறையாகக் கையில் வைத்திருக்கும் கணினி நிரலைத் தொலைந்துபோகாமல் காக்க நகலெடுத்து வைப்பதை அனுமதிக்கிறது. கேம் நிரப்பிய கார்டை விற்பது அந்த அனுமதிக்குள் வராது.

எனவே இந்தப் பக்கத்தில் பதிவிறக்கத் தளங்களின் பெயர் இருக்காது, கேட்டும் பயனில்லை. வீட்டில் பழைய பிஎஸ்1 சிடி இருந்தால், டிவிடி டிரைவ் உள்ள கணினியில் இம்ஜ்பர்ன் போட்டு நகலெடுக்கலாம். கேம் பாய் கேசட் இருந்தால் ஜிபி ஆபரேட்டர் போன்ற கருவி உண்டு. எதுவும் இல்லாதவர்களுக்கு, பழைய கன்சோல்களுக்காக இப்போதும் புதிதாகக் கேம் எழுதுகிறார்கள்: கேம் பாய்க்கான டோபு டோபு கேர்ள் முழுக்க இலவசம், என்இஎஸ்ஸுக்கான மைக்ரோ மேஜஸ் விலைக்குக் கிடைக்கிறது, 2019-இல் வந்தது, அந்த 40 கேபிக்குள்ளேயே நான்கு பேர் சேர்ந்து ஆடும் கேமைச் செய்திருக்கிறார்கள்.

பயாஸ் கேட்கிறது, அது என்ன?

கன்சோலை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல். என்இஎஸ், மெகா டிரைவ், கேம் பாய்க்குத் தேவையில்லை. பிஎஸ்1-இல் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற எமுலேட்டர் பயாஸ் இல்லாமலும் சமாளிக்கும், ஆனால் சில கேம்கள் முரண்டு பிடிக்கும், அசல் பயாஸ் இருந்தால் நிம்மதி. அது சரியாக 512 கேபி இருக்க வேண்டும். மெகா சிடிக்கும் நியோ ஜியோவுக்கும் கட்டாயம். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் லினக்ஸ் அதை வேறு கோப்பாகத்தான் பார்க்கும், பாதி நேரம் பிரச்சினை அதுதான்.

பிஎஸ்1 கேம் பட்டியலில் வருகிறது, திறந்தால் வெளியே தள்ளுகிறது

பிஎஸ்1 நகல் இரண்டு கோப்பாக வரும்: பின் (.bin) என்பது சிடியின் உள்ளடக்கம், கியூ (.cue) என்பது அதைப் பற்றிய சின்ன குறிப்பு. கியூ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பின் கோப்பின் பெயர் இருக்கும். நீங்கள் அழகுக்காகப் பின் கோப்பின் பெயரை "டெக்கன் 3" என்று மாற்றியிருப்பீர்கள், கியூ இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். உள்ளேயும் அதே பெயரை எழுதுங்கள், திறந்துவிடும்.

இதைவிடச் சுலபம், சிஎச்டி என்ற ஒற்றைக் கோப்பாக மாற்றிவிடுவது. மேம் எமுலேட்டரோடு வரும் சிஎச்டிமேன் நிரல் இதைச் செய்யும். இடமும் மிச்சம், கோப்பும் சிதறாது. ஃபைனல் ஃபேண்டஸி 7 மாதிரி மூன்று சிடி கேம்களுக்கு, மூன்று கோப்புகளின் பெயரையும் வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யு என்ற முடிவோடு சேமித்தால் பட்டியலில் ஒரே கேமாக வரும், ஆட்டத்தின் நடுவிலேயே சிடி மாற்றலாம்.

முஸ்தபா ஆட முடியுமா?

இந்தக் கேள்வி இல்லாமல் இந்தப் பக்கம் முடியாது. நம்மூர் வீடியோ கேம் கடைகளில் முஸ்தபா என்று எல்லோரும் சொன்ன கேம், கேப்காம் 1993-இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். மஞ்சள் தொப்பிக்காரர் முஸ்தபா கெய்ரோ நான்கு பாத்திரங்களில் ஒருவர், கேமின் பெயரையே தன் பெயராக்கிவிட்டார். மூன்று கருவிகளிலும் ஓடும். ஆர்கேடு கேம் என்பதால் ஃபைனல்பர்ன் நியோ எமுலேட்டரில் திறக்க வேண்டும், டைனோ (dino) என்ற ஜிப் கோப்பை அவிழ்க்கக்கூடாது, பெயரை மாற்றவும் கூடாது, எமுலேட்டர் அந்தப் பெயரை வைத்துத்தான் கேமையே அடையாளம் காண்கிறது. காசு போட செலக்ட், ஆரம்பிக்க ஸ்டார்ட். எத்தனை காசு வேண்டுமானாலும் போடலாம்.

ஆர்கேடு கேம்கள் பொதுவாக அடம்பிடிக்கும். மேம் 2003 பிளஸ் எமுலேட்டருக்குக் கேம் கோப்புகளின் பழைய தொகுப்பு வேண்டும், ஃபைனல்பர்ன் நியோவுக்குப் புதிய தொகுப்பு. ஒன்றுக்கானதை இன்னொன்றில் போட்டால் கருப்புத் திரைதான். கேம் திறக்கவில்லை என்றால் முதலில் எமுலேட்டரை மாற்றிப் பாருங்கள், கோப்பைக் குறை சொல்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சேவ் ஸ்டேட் இருக்கும்போது கேமுக்குள் சேவ் செய்ய வேண்டுமா?

வேண்டும். சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியில் எமுலேட்டரின் நினைவகத்தை அப்படியே எடுத்து வைப்பது. ஆர்க்ஓஎஸ்ஸில் செலக்டும் ஆர்1-உம் சேர்த்து அழுத்தினால் எடுக்கும், செலக்டும் எல்1-உம் திரும்பக் கொண்டுவரும். பாஸோடு மோதும் முன் எடுத்து வைக்க அருமையானது. ஆனால் எமுலேட்டரை மாற்றினால், சில நேரம் புதிய பதிப்புக்கு ஏற்றினாலே, அது திறக்காது. கேமுக்குள் செய்யும் சேவ் தனிக் கோப்பு, கணினிக்கும் வேறு கருவிக்கும் எடுத்துப் போகலாம். நீண்ட கேம்களில் இரண்டையும் செய்யுங்கள். அடுத்தது, கேமை விட்டு வெளியே வந்து மெனுவில் ஷட்டவுன் கொடுத்து அணையுங்கள். ஆர்36எஸ்ஸில் பவர் பட்டனைத் தட்டினால் தூங்கத்தான் செய்யும், பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், பாதியில் செத்தால் கார்டில் உள்ள கோப்பு கெடும்.

படம் மங்கலாக இருக்கிறது

ரெட்ரோஆர்ச் மெனுவில் வீடியோ, ஸ்கேலிங் பகுதியில் இன்டீஜர் ஸ்கேலை ஆன் செய்யுங்கள், பைலினியர் ஃபில்டரை ஆஃப் செய்யுங்கள். மேலே சொன்ன மடங்குக் கணக்கு இதில்தான் நடைமுறைக்கு வருகிறது. விளிம்பில் கருப்பு விழும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஆஃப் செய்துகொள்ளலாம்.

கேம் மெதுவாக ஓடுகிறது, சத்தம் கரகரக்கிறது

எமுலேட்டரை இலகுவானதாக மாற்றுங்கள்: கேம் பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏவுக்குப் பதில் ஜிபிஎஸ்பி, சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸின் 2005 அல்லது 2010 பதிப்பு. சத்தம் சுத்தமாக இருந்தும் கேம் மட்டும் சோம்பலாக நகர்ந்தால், உங்களிடம் இருப்பது ஐரோப்பியப் பதிப்பா என்று பாருங்கள். அவை நொடிக்கு 50 படம், அமெரிக்க, ஜப்பான் பதிப்புகள் 60. தலைகீழாக, கேம் திடீரென்று ராக்கெட் வேகத்தில் பறந்தால், செலக்டோடு ஆர்2 பட்டு ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆகியிருக்கும். மறுபடி அழுத்துங்கள்.

சார்ஜ் ஏறவில்லை

போனின் சி டூ சி கேபிளில் போட்டிருப்பீர்கள். டைப் சி சார்ஜர், எதிரில் கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மின்சாரம் விடும், அதைச் சொல்ல கருவிக்குள் இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் வேண்டும். மலிவுக் கருவிகள் பலவற்றில் அதை மிச்சம் பிடித்துவிட்டார்கள். பழைய பாணி யுஎஸ்பி ஏ முனை உள்ள கேபிளும், 5 வோல்ட் சாதாரண சார்ஜரும் போதும், வேகச் சார்ஜர் வேண்டாம். ஆர்36எஸ்ஸில் இரண்டு டைப் சி துளைகள் உண்டு, டிசி என்று எழுதியிருப்பதில்தான் சார்ஜ். மற்றது ஓடிஜி, வெளிக் கண்ட்ரோலர் மாட்ட.

வைஃபை இல்லாதது பெரிய குறையா?

கேம் ஆட, இல்லை. ஓடிஜி துளையில் யுஎஸ்பி வைஃபை குச்சி மாட்டலாம். அதற்கு ஒரு நல்ல காரணம் போர்ட்மாஸ்டர்: நீங்கள் கணினிக்கு வாங்கிய ஸ்டார்டியூ வேலி, முதல் ஹாஃப் லைஃப், டையப்லோ போன்றவற்றின் கோப்புகளைக் கொண்டுவந்து இந்தச் சின்னக் கருவியில் ஓட்ட வழி செய்யும் இலவச மென்பொருள். குச்சி இல்லாமல் ஜிப்பை இறக்கிக் கார்டில் போட்டும் சமாளிக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டிவியில் போடலாமா?

ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் பிளஸ், எச் இரண்டிலும் மினி எச்டிஎம்ஐ உண்டு. ஆர்36எஸ்ஸிலும் மியூவிலும் இல்லை.

அனலாக் குச்சி அவசியமா?

பிஎஸ்1 வரை பெரும்பாலும் இல்லை. டூயல்ஷாக் கண்ட்ரோலரே 1997-இல்தான் வந்தது, அதற்கு முன்பு வந்த கேம்கள் பெரும்பாலும் திசைப் பட்டனுக்காகவே செய்தவை. ஏப் எஸ்கேப் மாதிரி குச்சி இல்லாமல் ஆடவே முடியாதவை வெகு சில.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

ஒருமுறை சார்ஜ் செய்தால் கேமையும் திரை வெளிச்சத்தையும் பொறுத்து நான்கைந்து மணி நேரம் எதிர்பார்க்கலாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்ஏஎச் அளவை முழுசாக நம்ப வேண்டாம். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், காலியாக வைத்தால் பேட்டரி திரும்ப எழுந்திருக்காது. பின்பக்க மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தாலோ பட்டன்கள் திடீரென்று இறுகினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது, அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு மாற்று வாங்குங்கள். மாற்று வாங்கும்போது வோல்டேஜும் அளவும் ஒத்துப்போனால் மட்டும் போதாது, கனெக்டரில் சிவப்பு, கருப்பு ஒயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பழையதோடு வைத்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள், சில பேட்டரிகளில் அது தலைகீழாக வருகிறது.